மாறும் வட்டியில் யென் கடன், ஊரில் ரூபாய் வைப்பு: ஒரு டோக்கியோ வாசகருக்குப் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஜப்பானிலிருந்து வந்த ஒன்று நான்கு பக்கம் நீண்டிருந்தது. எழுதியவர் 43 வயது மென்பொருள் பொறியாளர். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். 2009 முதல் டோக்கியோவில் வசிக்கிறார். நிரந்தர வசிப்புரிமை பெற்றவர். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2017-இல் ஒரு புதிய அடுக்ககத்தில் கட்டுமான நிறுவனத்திடமிருந்து நேரடியாக வீடு வாங்கினார். 4 கோடி யென் கடன், 35 ஆண்டுகள், மாறும் வட்டி 0.625 சதவீதம். மாதத் தவணை ஏறத்தாழ 1,06,000 யென். இப்போது வட்டி 1.025 சதவீதம் ஆகிவிட்டதாக வங்கியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஆனால் தவணை ஏறவில்லை. "வங்கி என்னை விட்டுவிட்டது போலிருக்கிறது" என்று எழுதுகிறார். சேமிப்புக் கணக்கில் 90 லட்சம் யென் இருக்கிறது. அப்பாவுக்கு மாதம் 1 லட்சம் யென் அனுப்புகிறார். 2016-இல் அது 65,000 ரூபாய்க்கு மேல் போய்ச் சேர்ந்தது. 2024 ஜூலையில் 52,000 ஆகச் சுருங்கியது. "அப்பா ஒன்றும் கேட்கவில்லை. மருந்துக் கடைச் சீட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்" என்ற வரியை நான் இரண்டு முறை படித்தேன்.

நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். சேமிப்பில் 50 லட்சம் யென், வீட்டைப் புதுப்பிக்க என்று சொல்லி 2 சதவீத வட்டியில் வாங்கும் புதுக் கடன் 50 லட்சம் யென், ஆக 1 கோடி யென்னை இந்தியாவில், வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. வைப்பில் 6.5 சதவீதத்துக்குப் போட்டுவிடலாம் என்பது அந்த வழி. மனைவி இதற்கு நேர்மாறாக, 90 லட்சத்தையும் கடனில் கட்டிவிடலாம் என்கிறார். ஜப்பான் மத்திய வங்கி நோட்டு அடித்து அரசுக்குக் கொடுத்ததால்தான் யென் விழுந்தது, வட்டி ஏறினால் அந்த வங்கியே திவாலாகிவிடும், ஆகவே வட்டி இதற்குமேல் ஏறாது என்று வாசகர் நம்புகிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பதே அவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரருக்கு,

வீட்டுக்கடன், அப்பாவுக்கு அனுப்பும் பணம், வைப்புத் திட்டம் என்று மூன்றைத் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் ஒரே கயிறுதான் கட்டியிருக்கிறது. அதன் நுனி டோக்கியோவின் நிஹோன்பாஷியில், மத்திய வங்கியின் கையில் இருக்கிறது. அங்கே கால் நூற்றாண்டாக என்ன செய்தார்கள் என்பது தெரியாமல் இந்த மூன்றில் எதையும் முடிவு செய்ய முடியாது. ஆகவே கொஞ்சம் பொறுமையாக, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வட்டி பூஜ்யத்தைத் தொட்ட பிறகு

பொருளாதாரம் சோர்ந்தால் மத்திய வங்கி குறுகியகால வட்டியைக் குறைக்கும். கடன் மலிவாகும், மக்கள் செலவழிப்பார்கள், தொழில் நடக்கும். ஜப்பானில் 1999 பிப்ரவரியில் அந்த வட்டி ஏறத்தாழ பூஜ்யத்துக்கே வந்துவிட்டது. அதற்குக் கீழே இறக்குவது கடினம். ரொக்க நோட்டுக்கு வட்டி பூஜ்யம். வைப்புக்குக் கட்டணம் கேட்டால் மக்கள் பணத்தை நோட்டாக எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வார்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது. விலைகள் ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் நாட்டில் பூஜ்ய வட்டிகூடப் பாரமான வட்டிதான். கடன்காரர் திருப்பிக் கட்டும் ஒவ்வொரு யென்னும் அவர் வாங்கிய யென்னைவிட அதிகப் பொருள் வாங்கக்கூடியதாக இருக்கும்.

வழக்கமான கருவி தேய்ந்துபோனதும் வேறு கருவிகளைத் தேடினார்கள். முதலாவது, வெறும் வாக்குறுதி. விலைகள் இறங்கிக்கொண்டே போகும் பணவாட்டக் கவலை நீங்கும்வரை பூஜ்ய வட்டி தொடரும் என்று 1999 ஏப்ரலில் அன்றைய ஆளுநர் மசாரு ஹயாமி சொன்னார். இது சாதாரணப் பேச்சு அல்ல. பத்து ஆண்டுக் கடனின் வட்டி என்பது வரப்போகும் பத்து ஆண்டுகளின் குறுகியகால வட்டி பற்றிய எதிர்பார்ப்பு. நாளைய வட்டி பற்றி நம்பும்படி உறுதி கொடுத்தால் இன்றைய நீண்டகால வட்டி இறங்கும். ஆனால் 2000 ஆகஸ்டில் அவசரப்பட்டு வட்டியை ஏற்றிவிட்டு, ஆண்டு திரும்புவதற்குள் பின்வாங்க வேண்டியதாயிற்று. வாக்குறுதியை நம்பி இயங்கும் கருவிக்கு அது பெரிய அடி.

இரண்டாவது, அரசுப் பத்திரங்களின் மொத்தக் கொள்முதல். 2001 மார்ச் முதல் 2006 மார்ச் வரை ஒரு சுற்று நடந்தது. பெரிய சுற்று, 2013 ஏப்ரல் 4 அன்று ஆளுநர் ஹருஹிகோ குரோடா அறிவித்தது. பணவீக்க இலக்கு 2 சதவீதம், காலம் 2 ஆண்டு, அடிப்படைப் பணம் (புழக்கத்திலுள்ள ரொக்கமும் வங்கிகள் மத்திய வங்கியில் வைத்திருக்கும் இருப்பும்) 2 மடங்கு. 2012 இறுதியில் 138 லட்சம் கோடி யென்னாக இருந்த அடிப்படைப் பணத்தை 2014 இறுதிக்குள் 270 லட்சம் கோடி ஆக்குவது என்று முடிவு செய்தார்கள். அப்படியே செய்தும் காட்டினார்கள். விலைவாசி மட்டும் 2 ஆண்டில் 2 சதவீதத்தில் நிலைபெறவில்லை.

மூன்றாவது, நீங்கள் நினைவில் வைத்திருக்கும் மைனஸ் வட்டி. 2016 ஜனவரி 29 அன்று, கொள்கைக் குழுவில் 5-க்கு 4 என்ற மயிரிழைப் பெரும்பான்மையில் முடிவானது. வங்கிகள் மத்திய வங்கியில் வைத்திருக்கும் பணத்துக்கு மைனஸ் 0.1 சதவீதம். எல்லாப் பணத்துக்கும் அல்ல. மத்திய வங்கியே காட்டிய தொடக்கக் கணக்கின்படி, சுமார் 260 லட்சம் கோடி யென் இருப்பில் 10 லட்சம் கோடி அளவுக்குத்தான் இந்த வட்டி. அவ்வளவு சின்னப் பங்கு எப்படி முழுச் சந்தையையும் அசைக்கும் என்று கேட்பீர்கள். சந்தையில் கடைசி மூட்டை என்ன விலைக்குப் போகிறதோ அதுதான் அன்றைய விலை. வங்கியிடம் புதிதாக வந்து சேரும் ஒவ்வொரு யென்னும் அந்த மைனஸ் படியில்தான் போய் உட்காரும் என்றால், அதை வேறு எங்காவது தள்ளிவிடவே வங்கி பார்க்கும்.

குடும்பங்களிடம் மைனஸ் வட்டி கேட்கப்படவில்லை. ஆனால் பெரிய வங்கிகளின் சாதாரண சேமிப்பு வட்டி 0.001 சதவீதம் ஆனது. 1 கோடி யென் வைத்திருந்தால் ஆண்டுக்கு 100 யென். அதிலும் வரி பிடித்தம். நேரம் தவறி ஒரு முறை ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் கட்டணம் அதைவிட அதிகம். உங்களைப் போன்றவர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அந்த ஆண்டுகளில் வளராமல் கிடந்ததை ஒரு சாதாரண விஷயமாக என்னால் கடந்துபோக முடியவில்லை. கடன் வாங்கியவருக்குக் கொடுக்கப்பட்ட சலுகை சேமித்தவரிடமிருந்து எடுக்கப்பட்டது. உங்கள் வீட்டில் அந்த இரண்டு பேரும் நீங்களே.

நான்காவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மைனஸ் வட்டி வந்த சில மாதங்களில் 10 ஆண்டு அரசுப் பத்திரத்தின் ஈட்டு விகிதம் (வாங்குபவருக்குக் கிடைக்கும் ஆண்டு வருமானம்; பத்திரத்தின் விலை ஏறினால் இது இறங்கும்) பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் 0.3 சதவீதம் அளவுக்குப் போனது. வங்கிகளும் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களும் ஓய்வூதிய நிதிகளும் மூச்சுத் திணறின. ஆகவே 2016 செப்டம்பரில், 10 ஆண்டு ஈட்டு விகிதத்தைப் பூஜ்யத்தை ஒட்டியே நிறுத்துவோம் என்று மத்திய வங்கி ஒரு விலையைச் சொல்லி நின்றது. எவ்வளவு வாங்குவோம் என்று சொல்வதை விட்டு, எந்த விலைக்கு வாங்குவோம் என்று சொன்னது. அந்த விலையைச் சந்தை நம்பியதால், ஆண்டுக்கு 80 லட்சம் கோடி யென் என்றிருந்த கொள்முதல் வேகம் தானாகவே வெகுவாகக் குறைந்தது.

உங்கள் கடனுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. மாறும் வட்டிக் கடன் குறுகியகால வட்டியைப் பார்த்து நகரும். நிலையான வட்டிக் கடன் 10 ஆண்டுப் பத்திரத்தைப் பார்த்து நகரும். இரண்டுக்கும் கயிறு வேறு. 2022 டிசம்பரிலிருந்து மத்திய வங்கி நீண்டகாலக் கயிற்றை முதலில் தளர்த்தியது. அதனால்தான் நிலையான வட்டி முன்னதாகவே ஏறத் தொடங்கியது. ஆளுநர் கசுவோ உவேதா காலத்தில், 2024 மார்ச் 19 அன்று, மைனஸ் வட்டியும் நீண்டகாலக் கட்டுப்பாடும் சேர்ந்து முடிவுக்கு வந்தன. 2024 ஜூலை 31-இல் 0.25 சதவீதம். 2025 ஜனவரியில் 0.5 சதவீதம், 2008-க்குப் பிறகு அதுவரை ஜப்பான் காணாத உயரம்.

நோட்டு அடித்ததால்தான் யென் விழுந்ததா?

இந்த நம்பிக்கையை நீங்கள் கைவிட வேண்டும், ஏனென்றால் இதன் மேல்தான் உங்கள் நண்பரின் திட்டம் நிற்கிறது. மத்திய வங்கி அரசிடமிருந்து நேரடியாகப் பத்திரம் வாங்குவதை ஜப்பானின் பொது நிதிச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு பொதுவாகத் தடுக்கிறது. அது வங்கிகளிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் சந்தையில் வாங்கியது. விலையாகக் கொடுத்தது நோட்டுக் கட்டு அல்ல. மத்திய வங்கியில் அந்த வங்கிகளுக்கு உள்ள கணக்கில் ஒரு வரவு. அந்த வரவு தெருவுக்கு வர வேண்டுமானால் யாராவது வங்கியிடம் கடன் கேட்க வேண்டும். 1990-களின் சரிவில் சூடுபட்ட ஜப்பானிய நிறுவனங்கள் கடனை அடைக்கவும் ரொக்கம் சேர்க்கவுமே பார்த்தன. நீண்ட காலம் விலையும் சம்பளமும் அசையாமல் இருந்ததைப் பார்த்த மக்கள் இனியும் அசையாது என்றே நம்பினார்கள். பணம் இரட்டித்தும் விலைவாசி எதிர்பார்த்தபடி ஏறாததற்கு இதுவே காரணம்.

யென்னின் போக்கைப் பாருங்கள். கொள்முதல் உச்ச வேகத்தில் நடந்த 2016-இல், மைனஸ் வட்டியும் இருந்த அந்த ஆண்டின் நடுவில், ஒரு டாலருக்கு 100 யென் அளவுக்கு யென் வலுத்திருந்தது. நீங்கள் அப்பாவுக்கு அனுப்பிய பணம் நல்ல ரூபாயாகப் போய்ச் சேர்ந்தது அப்போதுதான். 2022 முதல் 2024 வரை அடிப்படைப் பணம் பெரிதாக வளரவில்லை. ஆனால் யென் சரிந்து 2024 ஜூலையில் டாலருக்கு 161-ஐத் தாண்டியது. அந்த இரண்டு ஆண்டுகளில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்தின் அருகிலிருந்து 5.25 முதல் 5.5 சதவீதத்துக்கு ஏற்றியது; ஜப்பான் மட்டும் அசையாமல் நின்றது. வட்டி இல்லாத இடத்திலிருந்து வட்டி உள்ள இடத்துக்குப் பணம் ஓடியது. 2013-இலும் கொள்முதல் அறிவிப்பு யென்னை இறக்கியது உண்மைதான். ஆனால் உங்கள் அப்பாவின் மருந்துக் காசைச் சுருக்கியது பெரும்பாலும் இந்த வட்டி இடைவெளி. இடைவெளி குறைந்தால் யென் திரும்பி வரக்கூடும். எப்போது, எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

மத்திய வங்கி திவாலாகும் என்ற பயம் வேண்டாம். நாட்டின் அரசுப் பத்திரங்களில் ஏறத்தாழப் பாதியை அது வைத்திருக்கிறது. வட்டி ஏறும்போது அவற்றின் சந்தை மதிப்பு குறையும், வங்கிகளின் இருப்புக்கு அது கொடுக்க வேண்டிய வட்டி கூடும். இதெல்லாம் உண்மையான செலவு; அரசுக்குப் போகும் லாபப் பங்கு குறையும். ஆனால் அதன் கடன்கள் அதுவே வெளியிடும் யென்னில்தான் இருக்கின்றன. ஆஸ்திரேலிய மத்திய வங்கியின் மூலதனம் 2022-இல் கணக்குப்படி பூஜ்யத்துக்குக் கீழே போனது. சுவிஸ் மத்திய வங்கி அதே ஆண்டு 13,200 கோடி பிராங்க் நட்டம் காட்டியது. இரண்டும் அடுத்த நாள் வழக்கம்போல் வட்டியை நிர்ணயித்துக்கொண்டுதான் இருந்தன. ஆகவே "திவால் பயத்தால் வட்டியை ஏற்ற மாட்டார்கள்" என்று நம்பி 27 ஆண்டுக் கடனைத் திட்டமிடாதீர்கள்.

தவணை ஏறவில்லை, வட்டி ஏறிவிட்டது

வங்கி உங்களை விட்டுவிடவில்லை. ஜப்பானில் பல வங்கிகளின் மாறும் வட்டிக் கடனில் இரண்டு விதிகள் உண்டு. வட்டி ஆண்டுக்கு இரு முறை திருத்தப்படும், ஆனால் மாதத் தவணை 5 ஆண்டுக்கு ஒரு முறைதான் மாறும். மாறும்போதும் பழைய தவணையின் 125 சதவீதத்தைத் தாண்டாது. 2017-இல் தொடங்கிய உங்கள் கடனுக்கு அடுத்த மறுகணக்கீடு 2027-இல் வரும்.

அதுவரை தவணைக்குள்ளே பங்கு மாறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துக் கணக்கிட்டேன். உங்கள் அசல் பாக்கி இப்போது ஏறத்தாழ 3 கோடியே 16 லட்சம் யென். 0.625 சதவீதத்தில் மாத வட்டி சுமார் 16,500 யென். தவணையில் 89,600 யென் அசலுக்குப் போனது. 1.025 சதவீதத்தில் வட்டி 27,000 யென். அசலுக்குப் போவது 79,000 யென். உங்கள் கணக்கிலிருந்து அதே 1,06,000 போகிறது, கடன் மட்டும் மெதுவாகக் கரைகிறது.

இனி எவ்வளவு ஏறினால் எவ்வளவு வலிக்கும்? வட்டி 2 சதவீதம் ஆனால் மறுகணக்கிட்ட தவணை ஏறத்தாழ 1,26,000 யென். 3 சதவீதம் ஆனால் 1,42,000 யென் ஆக வேண்டும். 125 சதவீத விதி அதை 1,32,500-இல் நிறுத்தும். மிச்சம் தள்ளுபடி அல்ல, பின்னால் கட்ட வேண்டியது. வட்டி 4 சதவீதத்தைத் தாண்டினால்தான் இப்போதைய தவணை வட்டிக்கே போதாமல் கடன் வளரத் தொடங்கும். இந்த எண்களை உங்கள் மனைவியிடம் காட்டுங்கள். அவருடைய பயம் நியாயமானது. ஆனால் வீடு கைவிட்டுப் போகும் நிலையிலிருந்து நீங்கள் வெகு தொலைவில் இருக்கிறீர்கள்.

நண்பர் சொன்ன வழி

குறைந்த வட்டி நாணயத்தில் கடன் வாங்கி, அதிக வட்டி நாணயத்தில் போடுவதற்குச் சந்தையில் கேரி டிரேடு என்று பெயர். பெரிய நிதி நிறுவனங்கள் இதைச் செய்கின்றன, நாணயம் திரும்பினால் சில நிமிடங்களில் வெளியேறும் ஏற்பாட்டோடு. 2024 ஜூலை தொடக்கத்தில் டாலருக்கு 161-இல் இருந்த யென், ஜப்பான் வட்டியை ஏற்றியதும் அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கு சோர்ந்ததும் சேர்ந்து, ஆகஸ்ட் 5-க்குள் 142 அளவுக்கு வலுத்தது. அன்று ஒரே நாளில் ஜப்பானியப் பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 4,451 புள்ளிகள், அதாவது 12.4 சதவீதம் விழுந்தது. அந்த நாளில் உங்கள் பணம் ஊரில் ஐந்தாண்டு வைப்பில் இருந்திருக்கும்.

ரூபாயோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். 2007 நடுவில் 1 யென் சுமார் 33 காசு. 2009 ஜனவரியில் 54 காசு. 2007-இல் 1 கோடி யென் கடன் வாங்கி ரூபாயாக்கியவருக்குக் கிடைத்தது 33 லட்சம். ஒன்றரை ஆண்டு கழித்து அதே கடனை அடைக்க 54 லட்சம் வேண்டியிருந்தது. எந்த வைப்பு வட்டியும் அதை ஈடுகட்டியிருக்காது. அதே காலத்தில் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பலர், யென், சுவிஸ் பிராங்க் ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து லாபமோ நட்டமோ தரும் டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டு, பனியன் தைத்துச் சேர்த்ததையெல்லாம் இழந்தார்கள். அவர்களும் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர்.

உங்கள் எண்களுக்கே வருவோம். சேமிப்பிலிருந்து எடுக்கும் பங்கை மட்டும் பார்த்தால், வைப்பு தரும் 6.5 சதவீதத்துக்கும் வீட்டுக்கடனின் 1.025 சதவீதத்துக்கும் இடையே ஐந்தரை சதவீதம் சும்மா கிடைக்கிறது என்கிறார் நண்பர். அவர் வரியை விட்டுவிட்டார். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, ஆனால் ஜப்பானில் உண்டு. கடந்த 10 ஆண்டுகளில் 5 ஆண்டுக்கு மேல் ஜப்பானில் வசித்தவருக்கு உலகில் எங்கு வருமானம் வந்தாலும் அங்கே வரி உண்டு. இரு நாடுகளும் கணக்கு விவரங்களைப் பரிமாறிக்கொள்கின்றன; மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள். வருமான வரியும் உள்ளூர் வரியும் சேர்ந்து 30 சதவீதம் என்று வைத்தால், 6.5 என்பது 4.55 ஆகிறது. இன்று 1 யென் 58 காசு என்றால், ஐந்து ஆண்டில் அது 69 காசு ஆனாலே உங்கள் லாபம் முழுவதும் போய்விடும். 2016-இல் யென் இருந்த இடம் ஏறத்தாழ 67 காசு. நீங்களே பணம் அனுப்பிய விலை அது. எட்டாத உயரம் அல்ல.

புதுக் கடன் விஷயத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை: செய்யாதீர்கள். புதுப்பிக்க என்று வாங்கிய கடனை வேறு காரியத்துக்குத் திருப்புவது ஒப்பந்த மீறல். முழுத் தொகையையும் உடனே கேட்க வங்கிக்கு உரிமை வரும். நடக்காத வேலைக்கு மதிப்பீட்டுச் சீட்டு கொடுத்தால் அது மோசடி. பதினைந்து ஆண்டுக்கு மேல் நேர்மையாக வரி கட்டி, வசிப்புரிமை பெற்று, பிள்ளைகளை வளர்க்கும் இடத்தில் அந்த வேலை வேண்டாம்.

மனைவி சொல்வதில் உள்ள நியாயமும் ஒரு திருத்தமும்

கடனைக் குறைப்பது, நிச்சயமாக 1.025 சதவீதம் தரும் முதலீடு. 2025-இல் சேமிப்புக் கணக்கு தந்த 0.2 சதவீதத்தைவிட அது மேல், நாணய ஆபத்தும் இல்லை. வட்டி ஏற ஏற அதன் பலன் கூடும். ஆனால் இப்போதே 90 லட்சத்தையும் கட்டுவதில் மூன்று சிக்கல்கள். முதலாவது, வீட்டுக்கடன் வரிக் கழிவு. 2017-இல் குடியேறியவருக்கு ஆண்டு இறுதிப் பாக்கியில் 1 சதவீதம், 4 லட்சம் யென் வரை, 10 ஆண்டுகளுக்கு வரியில் கழியும். உங்களுக்கு அது 2026-ஆம் ஆண்டோடு முடிகிறது. அதுவரை, நீங்கள் கட்டும் வரி அந்த அளவுக்கு இருந்தால், வட்டியில் ஏறத்தாழ முழுவதும் கழிவாகத் திரும்பி வருகிறது. இரண்டாவது, கடனோடு சேர்ந்த குழு ஆயுள் காப்பீடு. உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் பாக்கிக் கடன் அடைந்துவிடும், கையிலுள்ள சேமிப்பு குடும்பத்துக்கு மிஞ்சும். சேமிப்பை முழுவதும் கடனில் கரைத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பின் ஒரு பகுதியை நீங்களே திருப்பிக் கொடுத்தது போலாகும். மூன்றாவது, கட்டிய பணத்தை நாளை வேலை போனால் வங்கி திருப்பித் தராது.

இப்போது என்ன செய்யலாம்

உங்களிடம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன், கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. அறுபது வயதில் அரிசி பருப்பு எந்த ஊரில் வாங்குவீர்கள்? டோக்கியோவின் எடோகாவாவிலா, தஞ்சாவூரிலா? சம்பளம் யென்னில், கடன் யென்னில், பிள்ளைகளின் படிப்புச் செலவு யென்னில் என்றால் இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. ரூபாயில் பெரிய தொகை போடுவது அதைக் குலைக்கும். ஆனால் ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பப் போகிறீர்கள் என்றால், சிறுகச் சிறுக ரூபாய் சேர்ப்பது சூதாட்டம் ஆகாது. உங்கள் பிற்காலச் செலவுக்கான முன்னேற்பாடு. இதை மனைவியோடு பேசி முடிவு செய்த பிறகு மற்றதைப் பாருங்கள்.

அதற்கு முன்பே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. ஓராண்டுக் குடும்பச் செலவை யென்னிலேயே, தொட்டால் கிடைக்கும் இடத்தில் வையுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 1 கோடி யென் வரை வைப்புக் காப்பீடு உண்டு. அந்த அளவுக்குள் நீங்கள் இருக்கிறீர்கள். 2026 இறுதிவரை கடனில் பெரிய தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டாம். 2027 தவணை மறுகணக்கீட்டுக்கு முன்னால், அன்றைய வட்டியைப் பார்த்து 30 லட்சமோ 40 லட்சமோ கட்டலாம். நிலையான வட்டிக்கு மாறுவதை இப்போது நான் பரிந்துரைக்கவில்லை. 2019-இல் பூஜ்யத்துக்குக் கீழே இருந்த 10 ஆண்டு ஈட்டு விகிதம் 2025-இல் 1.5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. வரப்போகும் ஏற்றத்தின் விலையை அந்தக் கடனில் ஏற்கனவே சேர்த்துத்தான் கேட்பார்கள். மாதம் 20,000 யென் கூடினால் தூக்கம் போகும் என்றால் மட்டும் அதை யோசியுங்கள்.

அப்பாவுக்கு ஆகும் செலவு ரூபாயில், நிச்சயமானது, மாதந்தோறும் வருவது. அதற்கு ரூபாயிலேயே இருப்பு வைப்பதில் நாணய ஆபத்து அதிகமாகாது, குறையும். மாதம் 55,000 என்றால் ஓராண்டுக்கு 6 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய், இன்றைய விலையில் 11 லட்சம் யென் சொச்சம். அதை உங்கள் பெயரில் என்.ஆர்.இ. கணக்கில் போட்டு, அங்கிருந்து மாதா மாதம் நிலையான தொகை அப்பாவின் கணக்குக்குப் போகும்படி வங்கியில் உத்தரவு கொடுங்கள். வரும் வட்டியை ஜப்பானிய வரிக் கணக்கில் காட்டுங்கள். யென் வலுக்கும் மாதங்களில் அந்த இருப்பை நிரப்புங்கள். மெலியும் மாதங்களில் விட்டுவிடுங்கள். இனி மாதத் தொகை குறையாது என்பதை அப்பாவிடம் போனில் நீங்களே சொல்லுங்கள், மருந்துச் சீட்டு அனுப்பும் தேவை அவருக்கு வர வேண்டாம்.

கடைசியாக, உங்கள் கடன் ஒப்பந்தத்தை எடுத்து, வட்டித் திருத்தம் பற்றிய பகுதியைப் படியுங்கள். 5 ஆண்டு விதியும் 125 சதவீத விதியும் எல்லா வங்கிகளிலும் இல்லை. தவணை மாறவில்லை என்று நீங்கள் சொன்னதை வைத்து அவை இருப்பதாகக் கொண்டு எழுதியிருக்கிறேன். ஒப்பந்தத்தில் வேறு விதமாக இருந்தால் அந்தப் பக்கத்தின் நகலை அனுப்புங்கள்; 2027-க்கான கணக்கைத் திருத்திப் போட்டுத் தருகிறேன்.